நிலக்கரி காலி செய்த அறை

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், டான்ஃபோர்த் வீதியை ஒட்டிய பழைய தெருக்களில் நடந்தால், சில செங்கல் வீடுகளின் பக்கச் சுவரில், நிலத்தோடு நிலமாக ஒரு சின்ன இரும்புக் கதவைக் காணலாம். ஆள் நுழைய முடியாது. நாய், பூனை போக வைத்த கதவா என்று என்னிடம் கேட்ட வீட்டுக்காரர்கள் உண்டு. சிலர் அதன்மேல் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். சிலர் உட்பக்கம் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். நிலக்கரி வண்டிக்காரர் தகரச் சரிவு ஒன்றை அதற்குள் செருகி, மூட்டை மூட்டையாகக் கொட்டிய வாசல் அது. கொட்டியது நேரே பேஸ்மென்டில் போய் விழும்.

நான் எரிவாயு வேலைக்காரன். ஒன்ராறியோவில் இதற்கென்று உரிமம் எடுக்க வேண்டும், என்னுடையது ஜி2. ஃபேர்னஸ், வெந்நீர்த் தாங்கி, அவற்றுக்குப் போகிற வருகிற குழாய்கள், இவற்றோடுதான் என் பிழைப்பு. ஒக்டோபர் பிறந்தால் தொலைபேசி ஓயாது. பங்குனி, சித்திரையில் தேடுவார் இல்லை. ஸ்காபரோவில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறா. ஒருமுறை சித்திரையில் வேறு வேலையாகப் போன இடத்தில், ஃபேர்னஸையும் ஒருக்கால் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். "குளிர் முடிஞ்சுது தம்பி, இனி உதுக்கு என்ன பார்வை?" என்றா. எங்கள் தமிழ் ஆட்களில் முக்காற்பங்குப் பேரின் கேள்வி அதுதான். அதற்கு ஒழுங்கான பதில் சொல்வதானால் அந்த இரும்புக் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரொறன்ரோவைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1950கள் வரை இந்த நகரத்து வீடுகளைச் சூடாக வைத்திருந்ததில் பெரும்பங்கு பென்சில்வேனியாவில் வெட்டிய அந்திரசைட் என்ற கடின நிலக்கரிக்குரியது. ரயிலிலும், ஒன்ராறியோ ஏரியைத் தாண்டிக் கப்பலிலும் வந்து இறங்கும். முட்டை, அடுப்பு, கஷ்கொட்டை, பட்டாணி என்று கட்டியின் பருமனுக்கு ஏற்பப் பெயர் வைத்து விற்றார்கள். அடுத்தவன் நாட்டுச் சுரங்கத்தை நம்பிக் குளிர்காலத்தைக் கழிப்பதில் உள்ள ஆபத்து 1902இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் பென்சில்வேனியாச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒக்டோபர் வரை நீண்டது. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் நடுவில் புகுந்து முடித்து வைக்கும்வரை ரொறன்ரோவும் கரி இல்லாமல் கலங்கியது.

அந்தக் காலத்துக் கரிக் கம்பெனிகளுக்கு ஒரு விலை வழக்கம் இருந்தது. ஏப்ரலில் வாங்கினால் தொன்னுக்கு 50 சதம் தள்ளுபடி. பிறகு மாதத்துக்கு 10 சதமாகத் தள்ளுபடி குறைந்துகொண்டு வந்து செப்டெம்பரில் முழு விலை. ஆகவே கணக்குப் பார்க்கும் குடும்பம் வரப்போகும் குளிருக்கான கரியை இந்தக் குளிர் முடிந்த கையோடு வாங்கியது. வாங்குவதற்கு முன் கரி அறையைக் கூட்டித் துடைக்க வேண்டும். ஃபேர்னஸைச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டின் வேலைப் பஞ்சாங்கத்தில் வசந்தம் முன்னுக்கு வந்தது இப்படித்தான்.

ஃபேர்னஸ் என்றதும் இன்றைய ஒடுங்கிய தகரப் பெட்டியை நினைக்கக் கூடாது. வார்ப்பிரும்பில் செய்த பெரிய உருளை அது. தலையிலிருந்து நாலா பக்கமும் பருத்த தகரக் குழாய்கள் சரிவாக மேலேறிப் போகும். ஒக்டோபஸ் என்றுதான் தொழிலில் இன்றும் சொல்கிறோம். விசிறி கிடையாது. சூடான காற்று இலேசாகி மேலே போகும், குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும், அவ்வளவுதான் பொறிமுறை. ஆகவே அது வீட்டின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் நிலம் நாலடி ஆழம்வரை உறையலாம் என்பது கட்டடக்காரர் கணக்கு. அத்திவாரம் அதற்குக் கீழே போக வேண்டும். நாலடி தோண்டியவன் இன்னும் மூன்றடி தோண்டினால் ஆள் நிமிர்ந்து நிற்கக் கூடிய ஓர் அறை கிடைக்கும். கனடா வீட்டுக்கு பேஸ்மென்ட் வந்தது உறையும் மண்ணாலும், மேலேறும் வெப்பத்தாலும், வைக்க இடம் கேட்ட கரியாலும். மனிதர் குடியிருக்க என்று யாரும் அதைத் தோண்டவில்லை.

ஸ்கொட்லாந்துப் பின்னணி உள்ள ஒரு முதியவர் வீட்டில் வேலை செய்தபோது அவர் தன் சிறுவயதுக் கடமைகளைச் சொன்னார். காலையில் அடுப்பின் இரும்புத் தட்டியை உலுக்கிச் சாம்பலை விழ விடுவது, சாம்பலைச் சலித்து எரியாத கரியைப் பொறுக்குவது, மிச்சத்தை வாளியில் கொண்டுபோய்ப் பனி உறைந்த நடைபாதையில் தூவுவது. இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைக்க வேண்டும். அணைந்தால் முழு வீட்டுக்கும் விடியற்காலை தண்டனை. அவர் மறக்காமல் சொன்ன இன்னொன்று, வசந்தத்தில் தகப்பனார் புகைக்குழாயைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தட்டும் நாள். அன்றைக்கு வீட்டில் ஒருவரும் வெள்ளை உடுப்புப் போட மாட்டார்களாம்.

ஏன் வசந்தத்தில்? ஒக்டோபரில், மூட்டுவதற்கு முதல்நாள் தட்டினால் போதாதா? போதாது. நிலக்கரிப் புகைக்கரியில் கந்தகம் இருக்கிறது. கோடையில் பேஸ்மென்ட் வியர்க்கும். கந்தகக் கரியும் ஈரமும் சேர்ந்தால் அமிலம். குளிர்காலம் முழுக்க நெருப்பைத் தாங்கிய இரும்பை, நெருப்பே இல்லாத மூன்று நாலு மாதத்தில் அந்த அமிலம் தின்றுவிடும். அந்த மனிதர்களுக்கு இது தெரிந்திருந்தது. அடுப்பு கெடுவது எரியும்போது அல்ல, சும்மா கிடக்கும்போது. எங்கள் ஊரிலும் கிணறு கலக்கி இறைப்பதை மழைக்குக் காத்திராமல் தண்ணீர் வற்றிய காலத்தில்தானே செய்வார்கள், அதே கணக்குத்தான்.

கரி வீட்டின் அழுக்கு ஃபேர்னஸோடு நிற்கவில்லை. சுவரில் ஒட்டிய பூப்போட்ட கடதாசி முழுக்கக் கரி படியும். தண்ணீர் படக் கூடாத கடதாசி அது. அதைத் துடைக்கப் பிசைந்த மாவு போன்ற ஒரு களியை விற்றார்கள். சுவரில் வைத்து உருட்டினால் கரி அதில் ஒட்டிக்கொண்டு வரும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் குட்டோல் என்ற கம்பெனி 1930களிலிருந்து இதைச் செய்து விற்றது. போருக்குப் பின் வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. சுவரில் கரி இல்லை, களிக்கு ஆளும் இல்லை. கம்பெனி படுக்கப் போகிற நேரத்தில், அந்தக் குடும்பத்துக்கு உறவான ஒரு பாலர் வகுப்பு ஆசிரியை, கே சுஃபால் என்பவர், அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து விளையாட விட்டார். 1956இல் அது பிளே-டோ என்ற பெயரோடு கடைக்கு வந்தது. என் வீட்டுத் தரைவிரிப்பில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் சாமான், நிலக்கரி அடுப்பின் வாரிசு என்று தெரிந்த பிறகு அதன்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது.

எரிவாயு ரொறன்ரோவுக்குப் புதிதல்ல. 1841 டிசம்பரில் தெருவிளக்குகள் காஸில் எரிந்தன. 1848இல் கன்சியூமர்ஸ் காஸ் கம்பெனி பிறந்தது. ஆனால் அது நிலத்தடியில் எடுத்த வாயு அல்ல. நிலக்கரியை மூடிய கலத்தில் வைத்து வெதுப்பி அதிலிருந்து பிரித்த வாயு. ஃபிரண்ட் வீதியிலும் பார்லிமென்ட் வீதிப் பக்கமும் அந்தத் தொழிற்சாலைக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் நாடக அரங்கு, ஒன்றில் ஒபராக் கம்பெனி, வாயுவைச் சுத்திகரித்த இன்னொன்றில் 51ஆம் பிரிவுப் பொலிஸ் நிலையம். அந்த வாயு விளக்குக்கும் சமையலுக்கும் தண்ணீர் சுடவைக்கவும் உதவியது. வீடு முழுவதையும் சூடாக்கக் கட்டுபடியாகவில்லை.

1954 ரொறன்ரோவுக்கு ஒரு பெரிய ஆண்டு. மார்ச்சில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. ஒக்டோபரில் ஹேசல் சூறாவளி 81 பேரைக் கொன்றது. அதே ஆண்டில்தான் நயாகரா எல்லையைத் தாண்டிக் குழாய் வழியே அமெரிக்க இயற்கை வாயு நகரத்துக்கு வந்தது. பழைய வாயுவைவிட இதற்கு வெப்பம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய அடுப்பில் அப்படியே விட்டால் சுவாலை எகிறும், புகைக்கும். ஆகவே பகுதி பகுதியாக, வீடு வீடாக ஏறி, ஒவ்வோர் அடுப்பிலும் வாயு வெளிவரும் துளையைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. இந்த நகரத்தில் என் தொழிலின் முதற்பெரும் படையெடுப்பு அது என்று சொல்வேன்.

சொந்த நாட்டு வாயு வரப் பெரும் அமளி நடந்தது. அல்பேர்ட்டாவிலிருந்து குழாய் போடும் சட்டத்தை 1956இல் சி. டி. ஹவ் என்ற அமைச்சர் விவாதத்தை வெட்டி நிறைவேற்றினார். நாடாளுமன்றம் கொந்தளித்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 22 ஆண்டு ஆண்ட லிபரல் கட்சி தோற்றது. 1958 ஒக்டோபரில் குழாய் முடிந்து மேற்கின் வாயு ரொறன்ரோவை எட்டியது. ஒரு ஃபேர்னஸ் எரிய ஓர் அரசாங்கம் அணைந்தது.

வாயு மாறியதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலக்கரி வாயு தானாகவே நாறும். இயற்கை வாயுவுக்கு மணமே கிடையாது. 1937 மார்ச் 18இல் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளிக்கூடத்தின் கீழே மணமில்லாத வாயு கசிந்து நிரம்பி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் வாயுவில் அழுகல் மணத்தைக் கலப்பது சட்டமாகப் பரவியது. உங்கள் குசினியில் எப்போதாவது அழுகிய முட்டை மணந்தால், அந்தப் பிள்ளைகள் கொடுத்த எச்சரிக்கை அது. ஜன்னலைத் திறந்துகொண்டு நிற்காமல் வெளியே போய்த் தொலைபேசியை எடுங்கள்.

ஸ்காபரோவின் ஒருமாடி பங்களா வீடுகளில் பெரும்பகுதி இந்த 50களிலும் 60களிலும் கட்டியவை. விசிறி வைத்த ஃபேர்னஸ் சின்னதாகிவிட்டது. கரி அறை தேவையில்லை. சாம்பல் இல்லை. பேஸ்மென்டின் முக்கால் பங்கு திடீரென்று வெறுமையானது. முதலில் அதில் பலகை அடித்துப் பிள்ளைகள் விளையாடும் அறை என்றார்கள். பிறகு குளியலறையும் குசினியும் இறங்கின. பிறகு நாங்கள் இறங்கினோம்.

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த தமிழர்களில் பலர் முதலில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் இருந்தார்கள். பிறகு ஸ்காபரோவின் பேஸ்மென்டுகள். எண்பதுகளின் கடைசியில் நானும் அப்படி ஓர் அறையில் படுத்தவன். மெல்லிய பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஃபேர்னஸ். இரவில் 'டொப்' என்று பற்றிக்கொள்ளும், விசிறி உறுமும், காற்று வரும், நிற்கும். அதன் நேரங்கள் எனக்கு மனப்பாடம். சட்டத்துக்கு இந்த அறைகள் பலகாலம் கண்ணில் படாத இடங்கள். 1994இல் ஒன்ராறியோ அரசு பேஸ்மென்ட் குடியிருப்பை அனுமதித்தது. ஆட்சி மாறியதும் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. பிற்பாடுதான் நகரசபை வழிவிட்டது. சட்டம் போவதும் வருவதுமாக இருந்த நாட்களில் வாடகை மட்டும் முதலாம் திகதி தவறாமல் கொடுபட்டது.

கரி வீட்டில் வளர்ந்தவர்களிடம் வசந்தப் பழக்கம் இருந்தது. எங்களுக்கு அந்த வீட்டை விற்றவர்கள் சாவியைத் தந்தார்களே தவிர அந்தப் பழக்கத்தைத் தரவில்லை. தட்டுவதற்குப் புகைக்குழாயும் இல்லை, அள்ளுவதற்குச் சாம்பலும் இல்லை என்றானபின், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். இருக்கிறது.

கனடாவில் புதிதாக விற்கும் எரிவாயு ஃபேர்னஸ் குறைந்தது 90 வீதம் திறன் உள்ளதாக இருக்க வேண்டும் என்ற விதி 2009 முடிவில் வந்தது. அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது? புகையில் ஆவியாகப் போகும் தண்ணீரைக்கூடக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடுங்குவதால். அந்தத் தண்ணீர் ஒரு சின்னப் பொறிக்குள் இறங்கி, ஒரு குழாய் வழியே வடிகாலுக்குப் போகும். அது அமிலத் தண்ணீர். கந்தகக் கரி போனது, அமிலம் போகவில்லை. பங்குனியில் அந்தப் பொறியைக் கழற்றினால் உள்ளே சளிபோல் ஒன்று படிந்திருக்கும். அப்போது கழுவினால் ஐந்து நிமிட வேலை. விட்டால் கோடையில் காய்ந்து இறுகும். ஒக்டோபரின் முதற்குளிர் இரவில் ஃபேர்னஸ் பற்றாது. அக்காவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

தண்ணீர்க் குழாயின் கதை இன்னும் கள்ளத்தனமானது. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடென்றால் தெருவிலிருந்து வரும் குழாய் ஈயமாக இருக்கலாம். அந்த ஈயம் தண்ணீரில் கரையாதிருக்கத்தான் 2014 முதல் நகரம் பொஸ்பேற் கலக்கிறது. பிறகு செம்பு வந்தது. உறையும் தண்ணீர் 9 வீதம் பருக்கும். செம்போ ஈயமோ அதன்முன் நிற்காது. ஆனால் வெளிச்சுவர்க் குழாய் மாசியில் வெடித்தால் மாசியில் தெரியாது. உறையாத வகை என்று விற்கும் குழாயில் அடைப்பான் சுவருக்கு உள்ளே, ஓர் அடி பின்னால் இருக்கும். இலையுதிர்காலத்தில் தண்ணீர்ப்பாய்ச்சும் ஹோஸைக் கழற்றாமல் விட்டவர்களுக்கு, அந்த ஓர் அடிக்குள் நின்ற தண்ணீர் உறைந்து செம்பை நெடுக்காகக் கீறியிருக்கும். அடைப்பான் பூட்டியிருப்பதால் ஒரு துளி சொட்டாது. சித்திரையில் தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் விடத் திறப்பார்கள். ஹோஸில் தண்ணீர் வரும், கூடவே பேஸ்மென்ட் கூரைக்குள்ளும் வரும்.

நான் செய்வது இது. முதல்முறை திறக்கும்போது ஒருவரைக் கீழே நிறுத்தி வைப்பேன். ஹோஸ் மாட்டாமல் குழாயைத் திறந்து, வாயைப் பெருவிரலால் அழுத்திப் பிடிப்பேன். நல்ல குழாயென்றால் விரலைத் தள்ளிக்கொண்டு பீறிடும். விரல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் தண்ணீருக்கு வேறு வழி கிடைத்துவிட்டது என்று பொருள். கீழே நிற்பவர் அதற்குள் கத்தத் தொடங்கியிருப்பார்.

பனி உருகும் நாட்களில் பேஸ்மென்டின் தரையில் உள்ள குழிப் பம்ப் வேலை செய்கிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் வசந்தத்துக்குரியதே. 2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. அன்று ரொறன்ரோ பேஸ்மென்டுகளில் நனைந்த மெத்தைகளில் எத்தனையோ தரையில் விரித்தவை. அவற்றில் படுத்தவர்கள் வாடகைக்காரர்.

கடைசியாகப் புகைபோக்கி. பழைய வீட்டில் ஃபேர்னஸும் வெந்நீர்த் தாங்கியும் ஒரே செங்கல் புகைபோக்கியில் புகையை விட்டன. புதிய ஃபேர்னஸ் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வழியே பக்கச் சுவரால் வெளியேறிப் போய்விட்டது. பல வீடுகளில் வெந்நீர்த் தாங்கி மட்டும், கரி அடுப்புக்கென்று கட்டிய அந்தப் பெரிய புகைபோக்கியில் தனியே தொங்கிக்கொண்டிருக்கிறது. தொழிலில் அதை அநாதைத் தாங்கி என்போம். அதன் சின்னச் சூடு அந்தப் பெரிய செங்கல் வழியை நிரப்பாது. வெளியே குளிர் கடுமையாக இருக்கும்வரை புகை எப்படியோ மேலே இழுபடும். வெளியே வெப்பம் ஏற ஏற இழுவை தளரும். புகை வீட்டுக்குள் திரும்பும். தாங்கி எரியும்போது அதன் தலையிலுள்ள குடைக்கருகில் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பேன். சற்று நேரத்துக்குப் பிறகும் கண்ணாடி மூசினால் புகை மேலே போகவில்லை. உள்ளே ஓர் உருக்குக் குழாய் இறக்க வேண்டும். அந்தப் புகையில் வரக்கூடிய காபன் மொனொக்சைட்டுக்கு மணம் சேர்க்க எவராலும் முடியவில்லை. கண்ணாடியும் எச்சரிக்கைக் கருவியும்தான் காவல்.

2008ஆம் ஆண்டு முடிவில் ஒன்ராறியோவின் உட்ஸ்டாக்கில் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் நால்வரும் இந்த வாயுவால் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. தாய் பொலிஸ் அதிகாரி. அவருடைய உறவினரான ஜோன் கிக்னாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் ஓயாமல் அலைந்ததன் பலனாக 2013இல் சட்டம் நிறைவேறி, 2014 ஒக்டோபரில் ஒன்ராறியோ வீடுகளில் கருவி கட்டாயமானது. சட்டம் வந்த புதிதில் எங்கள் ஆட்களும் போட்டி போட்டு வாங்கி மாட்டினார்கள். அந்தக் கருவிகளின் ஆயுள் ஏழிலிருந்து பத்து ஆண்டு. பச்சை விளக்கு இன்னும் மின்னுகிறதே என்று நம்ப வேண்டாம். இந்தச் சித்திரையில் அதைக் கழற்றிப் பின்பக்கத்தில் அச்சிட்ட ஆண்டைப் படியுங்கள். பேஸ்மென்டில் குடியிருப்பவர் இருந்தால் அவர் அறைக் கருவியை முதலில்.